வீட்டில் பைக் வேலைக்கு டார்க் ரென்ச்: சிறியதை முதலில் வாங்குங்கள்

டார்க் ரென்ச் என்பது போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளக்கும் கருவி. வீட்டில் பைக் வேலை பார்ப்பவர்கள் அதை வாங்கப் போனால், பெரும்பாலும் அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனை) உள்ள, 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு) வரை காட்டும் நீளமான ஒன்றோடு திரும்புகிறார்கள். எளிதாகக் கிடைப்பதும் விலை குறைவாக இருப்பதும் அதுதான். கார் சக்கர நட்டுக்கு அது பொருத்தம். பைக்கில் வீட்டு வேலையில் கெட்டுப்போகும் மரைகளோ வேறு: கிளட்ச் கவர், வால்வு கவர், ஆயில் ஃபில்டர் மூடி, ஆயில் ட்ரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக். இவை எல்லாமே அலுமினியத்தில் வெட்டிய மரைக்குள் போகும் இரும்புப் போல்ட்டுகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய முறுக்கு 10 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் (இனி நி.மீ.) முடிந்துவிடும். அந்தப் பெரிய ரென்ச்சுக்கு அவ்வளவு கீழே அளக்கவே தெரியாது.

6 மி.மீ. போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 10 நி.மீ. 20 செ.மீ. நீளமுள்ள ராட்செட்டின் (ஒரு திசையில் மட்டும் பிடித்து முறுக்கும் சாக்கெட் கைப்பிடி) முனையை 5 கிலோ அளவுக்கு இழுத்தால் அது வந்துவிடும். இன்னும் இரண்டரை கிலோ கூடினால் 15 நி.மீ. ஏறத்தாழ அந்த அளவில் சாதாரண 8.8 வலிமைத் தரப் போல்ட் திரும்பச் சுருங்காதபடி நீளத் தொடங்குகிறது. அலுமினிய மரை அதற்கு முன்பே உரிந்து வரவும் கூடும். இரண்டரை கிலோ வித்தியாசத்தைக் கையால் உணர்வது அனுபவம் உள்ளவர்களுக்கே கடினம். ஆக்ஸில் நட்டில் 10 நி.மீ. கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் பெரிய சேதமில்லை. கிளட்ச் கவரில் அதே 10 நி.மீ. கூடினால் போல்ட் உள்ளே ஒடிந்து நிற்கும். பணம் அளவாக இருந்தால், அதைச் சிறிய ரென்ச்சில் போடுங்கள்.

வாங்கும் முன் போல்ட் பட்டியல்

உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவலைத் திறந்து, நீங்கள் உண்மையிலேயே செய்யப்போகும் வேலைகளுக்கான எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். எஞ்சினைப் பிரிக்கும் எண்ணம் இல்லாதவருக்குப் பத்துப் பன்னிரண்டு எண்களுக்கு மேல் வராது. மேனுவலின் எண்தான் இறுதியானது. கீழே உள்ளவை எந்த வரம்பில் ரென்ச் தேட வேண்டும் என்று காட்டும் பொதுவான அளவுகள் மட்டுமே.

- 6 மி.மீ. மரை (கவர் போல்ட்டுகள்): 10–12 நி.மீ.
- 8 மி.மீ. மரை: 22–27 நி.மீ.
- 10 மி.மீ. மரை: 34–40 நி.மீ.
- ஆயில் ட்ரெயின் போல்ட்: பல பைக்குகளில் 20–30 நி.மீ.
- ஸ்பார்க் பிளக்: 10 மி.மீ. மரைக்கு 10–12, 12 மி.மீ. மரைக்கு 15–20, 14 மி.மீ. மரைக்கு 25–30 நி.மீ.
- பிரேக் காலிபரைத் தாங்கும் போல்ட்டுகள்: 25–40 நி.மீ.
- பின் ஆக்ஸில் நட்டு: சிறிய பைக்கில் 50–70, பெரியவற்றில் 100-ஐத் தாண்டும்.

இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேரின் போல்ட்டுகளை ஒடித்திருக்கிறது. பட்டறையில் ‘பத்தாம் நம்பர் போல்ட்’ என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் என்று பொருள். அதன் மரை 6 மி.மீ. மேனுவலின் பொது அட்டவணையோ மரையின் விட்டத்தைச் சொல்கிறது. அட்டவணையில் 10 மி.மீ. என்ற வரியைப் பார்த்து, பத்தாம் நம்பர் தலையுள்ள போல்ட்டுக்கு 34 நி.மீ. வைத்தால் அது ஒடியாமல் தப்பாது. 8 அல்லது 10 நம்பர் தலை என்றால் பெரும்பாலும் 6 மி.மீ. மரை, 12 அல்லது 13 என்றால் 8 மி.மீ.; 14 அல்லது 17 என்றால் 10 மி.மீ. சந்தேகம் வந்தால் போல்ட்டைக் கழற்றி, மரையின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள்.

அலகுகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய மேனுவல்களில் கிலோகிராம் விசை மீட்டரில் இருக்கும், 9.8-ஆல் பெருக்கினால் நி.மீ. கிடைக்கும். அடி பவுண்டு என்றால் 1.356-ஆல் பெருக்க வேண்டும், இஞ்ச் பவுண்டு என்றால் 0.113-ஆல். ஓர் அடி பவுண்டில் 12 இஞ்ச் பவுண்டு உண்டு. ரென்ச்சின் ஒரு பக்கம் ஓர் அலகும் மறுபக்கம் இன்னொன்றும் பொறித்திருந்தால், நீங்கள் படிக்காத பக்கத்தின் மேல் டேப் ஒட்டி மறைத்துவிடுவது நல்லது.

வரம்பு: அட்டையில் எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம்

கையால் இயக்கும் டார்க் ரென்ச்சுகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6789. அதன்படி பரிசோதிப்பது பொதுவாக உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரைதான். இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது: எந்த ரென்ச்சாக இருந்தாலும் அதன் உச்ச எண்ணை ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள கோடுகளை இல்லாதவையாக நினையுங்கள். 210 நி.மீ. ரென்ச்சுக்கு அது 42. 110 ரென்ச்சுக்கு 22. 60 ரென்ச்சுக்கு 12. 25 ரென்ச்சுக்கு 5. ‘10 முதல் 210 வரை’ என்று ஒரே ரென்ச்சில் எல்லாம் அடங்குவதாக அட்டையில் போட்டிருந்தால், அந்த 10 வெறும் எழுத்து.

அடுத்தது துல்லியம். கூடவோ குறையவோ 4 சதவீதம் என்றால் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும், 10 நி.மீ.க்குள் அடங்கும் மிகச் சிறிய ரென்ச்சுகளில் 6 சதவீதம் வரை ஏற்கலாம். ஆனால் எதன் 4 சதவீதம்? வைத்த அளவின் 4 சதவீதம் என்றால் 12 நி.மீ.யில் பிழை அரை நி.மீ.க்கும் குறைவு. முழு அளவின் 4 சதவீதம் என்றால் 210 நி.மீ. ரென்ச்சில் அது 8.4 நி.மீ. அதாவது 12 என்று வைத்த இடத்தில் 20-ம் வரலாம், நாலுக்கும் கீழே போகலாம். கிளிக் வகையில் (வகைகளைக் கீழே பார்ப்போம்) பிழை பொதுவாக வைத்த அளவின் சதவீதமாகவே சொல்லப்படும். பீம், டயல் வகைகளில் முழு அளவின் சதவீதமாகச் சொல்வதும் உண்டு. குறிப்பேட்டில் எது என்று தெளிவாக இல்லாவிட்டால், மோசமானதை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

டிரைவ் அளவுக்கும் வரம்புக்கும் தொடர்பு உண்டு. கால் இஞ்ச் சதுரம் சுமார் 25 நி.மீ. வரை. 3/8 இஞ்ச் 60 அல்லது 110 வரை. அரை இஞ்ச் அதற்கு மேல். பட்டியலை இதோடு பொருத்திப் பார்த்தால் இரண்டு ரென்ச் தேவை என்பது புரியும்: 5–25 நி.மீ. உள்ள கால் இஞ்ச் ஒன்று, உச்சம் 110 நி.மீ. உள்ள 3/8 அல்லது அரை இஞ்ச் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உச்சம் 50 நி.மீ. உள்ள 3/8 இஞ்ச் ரென்ச்சைத் தேடுங்கள். அதன் கீழ் எல்லை 10-இல் நிற்கும். கவர் போல்ட்டிலிருந்து காலிபர் போல்ட் வரை வந்துவிடும். ஆக்ஸில் நட்டு மட்டும் வெளியே நிற்கும்.

எந்த வகை

பீம் வகைதான் எளிமையானது. ஒரு கம்பி வளையும், பக்கத்தில் வளையாத முள் ஒன்று அளவுகோலில் எண்ணைக் காட்டும். தளர்ந்துபோக ஸ்பிரிங் இல்லை, தேய்ந்துபோகப் பாகம் இல்லை. இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டிலும் அளக்கும். சுமை இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால், முள்ளை மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் சரி. விலை குறைந்த பீம் ரென்ச் கூட பல ஆண்டுகள் உண்மை சொல்லும். குறை என்னவென்றால், முள்ளுக்கு நேர் எதிரே கண் இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் எண் மாறித் தெரியும். எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு ட்ரெயின் போல்ட்டை முறுக்கும்போது அளவுகோல் கண்ணுக்கே படாது. பெரும்பாலானவற்றில் ராட்செட்டும் கிடையாது.

கிளிக் வகையில் பிடியைத் திருகி அளவை வைக்கிறோம். உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுத்தப்படுகிறது. அந்த அளவு வந்ததும் உள்ளே உள்ள கட்டை புரண்டு, தலையின் வால்பகுதி குழாயின் சுவரில் தட்டுகிறது. அந்தத் தட்டுதான் ‘டக்’ என்ற ஓசையும் கையில் வரும் துள்ளலும். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: ரென்ச் அதன்பின் எதையும் தடுப்பதில்லை. டக் என்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் சாதாரண ஸ்பேனர் போலவே முறுக்கு ஏறும். ஸ்பிரிங் குறைவாக அழுத்தப்பட்டிருக்கும் கீழ் எல்லையில் ஓசையும் துள்ளலும் மிக மெலிதாக இருக்கும். பெரிய ரென்ச்சை 15 நி.மீ.யில் வைத்தவர் ‘டக்’ கேட்கவில்லையே என்று இழுத்துக்கொண்டே போய் மரையை உரிப்பது இதனால்தான். வரம்பின் நடுப்பகுதியில் வேலை செய்தால் இந்தச் சிக்கல் வராது.

டிஜிட்டல் வகை எண்ணைத் திரையில் காட்டும், நெருங்கும்போது பீப் ஒலிக்கும். கோண அளவும் தரும் மாடல்கள் உண்டு, ‘இத்தனை நி.மீ., பின் 90 பாகை’ என்று மேனுவல் கேட்கும் போல்ட்டுகளுக்கு அது உதவும். வெறும் கவரும் பிரேக்கும் பார்ப்பவர் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் டிஜிட்டல் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். துல்லியமும் பரவாயில்லை. ஆனால் அது உயரத்தைக் கூட்டுவதால் ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நுழையாது. ராட்செட்டைச் சாய்த்து இழுத்தால் அளவும் பிசகும். இயக்கும்போது எதையும் தொடாமல் வைத்து, திரை பூஜ்யம் காட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கடிகார முகம் போன்ற வட்டத்தில் முள் எண்ணைக் காட்டும் டயல் வகை நல்ல கருவி. ஆனால் குறைந்த விலையில் நல்லது அரிது.

எங்கள் பரிந்துரை: சிறியது கிளிக் வகை, பெரியது பீம் வகை. சிறிய போல்ட்டுகள் இடுக்கில் இருக்கின்றன, அங்கே கண்ணை விடக் கைக்குத் தெரியும் துள்ளல் உதவும். ஆக்ஸில் நட்டு வெளியே நிற்கிறது. பீம் ரென்ச்சின் முள்ளை வசதியாகப் பார்க்கலாம். பெரியதில் மிச்சமாகும் பணத்தைச் சிறியதன் தரத்துக்குச் சேர்த்துவிடலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

கிளிக் ரென்ச் வாங்குபவர் முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும். கோடுகள் உலோகத்தில் வெட்டப்பட்டு அல்லது லேசரில் பொறிக்கப்பட்டு இருந்தால் நிற்கும். மேலே பெயின்ட் மட்டும் என்றால் ஆயில் கை பட்டதும் அழியும். பிடியை முழுச் சுற்றாகத் திருப்பும்போது அதன் பூஜ்யக் கோடு குழாயின் கோட்டோடு சரியாகச் சந்திக்கிறதா பாருங்கள். அரைக் கோடு தள்ளி நின்றால் பொருத்தியவர் கவனிக்கவில்லை என்று பொருள். சிறிய ரென்ச்சில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் அரை நி.மீ. அல்லது அதற்கும் குறைவான இடைவெளி இருப்பது நல்லது.

அடுத்தது பூட்டு. அளவை வைத்தபின் பூட்டும் வளையம் அல்லது திருகு உறுதியாகப் பிடிக்க வேண்டும். பூட்டிய பிறகும் பிடி அசைந்தால் அந்த ரென்ச்சை எடுக்காதீர்கள். இழுக்கும்போது கை தானாகவே பிடியைத் திருகிவிடும், வைத்த 12 உங்களுக்குத் தெரியாமல் 14 ஆகிவிடும்.

கீழ் எல்லையில் வைத்து, ஒரு போல்ட்டை அல்லது கடையின் வைஸில் சதுர முனையைப் பிடித்து நாலைந்து முறை கிளிக் செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். முதல் கிளிக் மட்டும் அதிகம் இழுத்த பிறகு வந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஐந்தாறு முறைக்குப் பின் சரியானால் பழுதில்லை. தொடர்ந்து மாறிக்கொண்டே இருந்தால் வேண்டாம்.

ராட்செட் பற்களையும் கவனியுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 15 பாகை வீச வேண்டும், 72 பல் என்றால் 5 பாகை போதும். பைக்கில் இடம் குறைவு என்பதால் இது காரை விட இங்கே முக்கியம். தலையில் திசை மாற்றும் குமிழ் இருந்தாலும் அளப்பது வலப்பக்கம் மட்டும் என்ற மாடல்கள் நிறைய உள்ளன. இடமரை நட்டு (இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது) உங்கள் பைக்கில் இருந்தால் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பெட்டிக்குள் பரிசோதனைச் சான்று வந்தால், அதிலுள்ள தொடர் எண்ணும் ரென்ச்சில் பொறித்த தொடர் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அளந்த எண்கள் உண்மையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: குறைந்தது மூன்று அளவுகளில், வலப்பக்கமாக, ஒவ்வொன்றும் பல முறை. தொடர் எண் இல்லாமல் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று மட்டும் அச்சிட்ட அட்டைக்கு மதிப்பில்லை.

பிளாஸ்டிக் பெட்டி, பளபளப்பான குரோம், கூடவே வரும் சாக்கெட் தொகுப்பு ஆகியவற்றுக்காக விலை கூட்டித் தர வேண்டாம். சாக்கெட்டைத் தனியாக, ஆறு முனை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் சிறிய போல்ட்டின் தலையை வழுக்கிவிடும். பழைய ரென்ச் வாங்குவதானால் பீம் வகையைத் தயங்காமல் வாங்கலாம், முள்ளும் கம்பியும் கண்முன் தெரிகின்றன. பழைய கிளிக் ரென்ச்சை எத்தனை முறை கீழே போட்டார்கள், நட்டைக் கழற்றப் பயன்படுத்தினார்களா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை.

வீட்டிலேயே சரிபார்க்க

பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றும் வைஸ் ஒன்றும் இருந்தால், புதிய ரென்ச் உண்மை சொல்கிறதா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். முதலில் தராசையே சோதியுங்கள். காலி கேனின் எடையைப் பார்த்து, அதில் 10 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் சரியாக 10 கிலோ கூட வேண்டும்.

1. ரென்ச்சின் சதுர முனையை வைஸின் தாடைகளுக்கு நடுவே, தாடை முழுவதும் படும்படி, மேலிருந்து கீழாகப் பிடிக்கவும். ரென்ச் தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் சொந்த எடை கணக்கில் வராது.
2. சதுர முனையின் நடுவிலிருந்து பிடியின் நடுக்கோடு வரை உள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் அளக்கவும். 200 மி.மீ.யில் 2 மி.மீ. தவறினால் ஒரு சதவீதம் பிழை.
3. ரென்ச்சை நடு அளவில் வைத்து ஐந்து முறை கிளிக் செய்து உள்ளே கிரீஸைப் பரவவிடவும்.
4. 20 நி.மீ. வைத்து, பிடியின் நடுவில் கயிறு கட்டி, அதில் தராசின் கொக்கியை மாட்டி, ரென்ச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக, தரைக்கு இணையாக, மெதுவாக இழுக்கவும். கிளிக் வரும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறிக்கவும். உச்ச எடையை நிறுத்திக்காட்டும் தராசு இங்கே வசதி.
5. மூன்று முறை செய்து சராசரி எடுக்கவும்.

வர வேண்டிய கிலோ = நி.மீ. ÷ (9.81 × மீட்டரில் தூரம்). 20 நி.மீ.யும் 0.20 மீட்டரும் என்றால் 10.2 கிலோ. 4 சதவீதம் விட்டால் 9.8 முதல் 10.6 வரை சரி. இழுக்கும் கோணம் 10 பாகை சாய்ந்தால் ஒன்றரை சதவீதம் பிழை வந்துவிடும், அதனால் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வரம்பின் கீழ், நடு, மேல் என மூன்று இடத்தில் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றிலும் ஒரே பக்கமாக 5 சதவீதம் தள்ளி நின்றால் அந்த ரென்ச் பயன்படும். பிடியில் டேப் ஒட்டி ‘12-க்கு 11.5 வை’ என்பதுபோல எழுதிக்கொள்ளலாம். பல ரென்ச்சுகளின் பிடிக்குள் அளவைத் திருத்தும் திருகு உண்டு. தொங்கு தராசை நம்பி அதைத் தொடாதீர்கள். ஓரிடத்தில் கூடுதலாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு எண்ணாகவும் வந்தால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முறுக்கும்போது

மரை சுத்தமாக இருக்க வேண்டும். போல்ட்டில் நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலைக்குக் கீழே உராய்வில் போகிறது. 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. உராய்வு கொஞ்சம் குறைந்தாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு வெகுவாக ஏறிவிடும். உலர்ந்த 6 மி.மீ. போல்ட்டில் 10 நி.மீ. சுமார் 850 கிலோ இழுவிசை தரும். அதே போல்ட்டுக்கு ஆயில் தடவினால் அதே 10 நி.மீ.யில் 1,100 கிலோவைத் தாண்டலாம். ஆகவே மேனுவல் ‘ஆயில் தடவவும்’ என்று சொல்லாத இடத்தில் தடவக் கூடாது. சொன்ன இடத்தில் தடவாமல் விடவும் கூடாது. மரைப்பசை போடும் போல்ட்டுகளுக்கு மேனுவல் தரும் எண் அந்தப் பசையோடு சேர்த்துத்தான். ஸ்பார்க் பிளக்கின் மரையில் பூச்சு இருப்பதால் கிரீஸோ செம்புப் பசையோ வேண்டாம், தடவினால் அதிகம் இறுகிவிடும்.

போல்ட்டை விரலால் அடிவரை ஓட்டுங்கள். விரலால் போகாத போல்ட்டை ரென்ச்சால் போகவைக்க முயன்றால் மரை குறுக்கே ஏறும். டார்க் ரென்ச் அதைக் கண்டுபிடிக்காது, சரியான எண்ணில் கிளிக்கும் செய்துவிடும். பிறகு சாதாரண ராட்செட்டால் லேசாகப் பிடிக்கவைத்து, கடைசிச் சுற்றுக்கு மட்டும் டார்க் ரென்ச்சை எடுங்கள். அளவை எப்போதும் கீழிருந்து மேலே வந்து வைக்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.

பிடியின் நடுவில் கை வைத்து, மெதுவாக, ஒரே சீராக இழுத்து, முதல் கிளிக்கில் நிறுத்துங்கள். உறுதிக்காக இரண்டாவது மூன்றாவது முறை கிளிக் செய்வது பலருக்குப் பழக்கம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும். இழுக்கும்போது போல்ட் திரும்பாமலேயே கிளிக் வந்தால் அது ஏற்கனவே அந்த அளவையோ அதற்கு மேலோ இறுகியிருக்கிறது. அரைச் சுற்று தளர்த்தி மறுபடி முறுக்குங்கள். போல்ட் திரும்பிக்கொண்டே இருந்து, எதிர்ப்பு ஏறாமல் மெத்தென்று போனால் உடனே நிறுத்த வேண்டும்: மரை உரிகிறது அல்லது போல்ட் நீள்கிறது.

கவர்களில் எதிரெதிர்ப் போல்ட்டுகளாக மாறி மாறி, முதல் சுற்றில் பாதி அளவு, அடுத்த சுற்றில் முழு அளவு. சிலிண்டர் ஹெட்டுக்கு மேனுவல் சொல்லும் வரிசையும் கட்டங்களும் அப்படியே. முன் ஃபோர்க்கைக் கவ்விப்பிடிக்கும் இரட்டைப் போல்ட்டுகளில் ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். இரண்டும் திரும்பாமல் கிளிக் ஆகும் வரை மாற்றி மாற்றி முறுக்குங்கள். ட்ரெயின் போல்ட்டின் நசுங்கும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷரில் ஆயில் கசிவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் முறுக்குவதுதான் ட்ரெயின் மரைகள் உரியும் முக்கியக் காரணம். ஊசி செருகும் ஆக்ஸில் நட்டில், சொன்ன அளவுக்கு இறுக்கியபின் துளை நேராக வராவிட்டால் அடுத்த துளைவரை மேலும் இறுக்க வேண்டும், பின்னால் தளர்த்தக் கூடாது.

நேர் நீட்டிப்புக் குச்சி போட்டால் அளவு மாறாது. ரென்ச்சின் நீளத்தைக் கூட்டும் காக்கை மூக்கு ஸ்பேனரை நேராக மாட்டினால் மாறும். ரென்ச்சின் நீளம் 300 மி.மீ., சேர்த்த பகுதி 40 மி.மீ., வேண்டியது 50 நி.மீ. என்றால், வைக்க வேண்டியது 50 × 300 ÷ 340, அதாவது 44. அதே துண்டை ரென்ச்சுக்குச் செங்கோணத்தில் மாட்டினால் கணக்கே தேவையில்லை.

வைத்துப் பராமரிக்க

வேலை முடிந்ததும் கிளிக் ரென்ச்சை அதன் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கிவையுங்கள். அதற்கும் கீழே திருகினால் உள்ளே பாகங்கள் இடம்பெயரும். அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, காட்டும் எண்ணை விடக் குறைவான முறுக்கில் கிளிக் ஆகத் தொடங்கும். நட்டுக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது. துருப்பிடித்த நட்டு இளகும் கணத்தில் வரும் முறுக்கு அதன் உச்சத்தைத் தாண்டிவிடும். உள்ளே ஆயில் விடாதீர்கள், மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். துணியால் துடைத்தால் போதும்.

ஐஎஸ்ஓ தரம் 5,000 கிளிக்குகளுக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை கேட்கிறது. வீட்டு வேலையில் 5,000 கிளிக்குகள் ஆக வெகு காலம் பிடிக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை மேலே சொன்ன தராசுச் சோதனையைச் செய்து, எண்களைத் தேதியோடு பெட்டியின் மூடிக்குள் எழுதிவையுங்கள். ரென்ச் கீழே விழுந்தால் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அடுத்த போல்ட்டைத் தொடும் முன் சோதியுங்கள். பழைய எண்களிலிருந்து 4 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், அளவை மறுபடி சரிசெய்துவாங்கும் வரை அதை பிரேக், எஞ்சின் வேலைகளுக்கு எடுக்காதீர்கள்.